பவளங்கள் வாழும் கடல்களும் வாழாத கடல்களும்

இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், பப்புவாவின் வடமேற்கு முனையை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் ராஜா அம்பத் தீவுக்கூட்டத்தின் கடலில் மட்டும், பாறை கட்டும் பவளங்களில் 550 இனங்களுக்கு மேல் பதிவாகியுள்ளன. அட்லாண்டிக்கின் மேற்குப் புறத்தில், கரீபியன் கடல் முழுவதையும் பகாமாஸ் தீவுகளையும் புளோரிடா கரையையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினாலும் அந்த எண்ணிக்கை அறுபது, எழுபதைத் தாண்டுவதில்லை. இரண்டும் வெப்பமண்டலக் கடல்கள். இரண்டிலும் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கிறது, வெயில் நன்றாக இறங்குகிறது, தீவுகளுக்கும் ஆழமற்ற திட்டுகளுக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் ஒன்றில் இனங்கள் குவிந்து கிடக்க, மற்றொன்றில் அவை சில பத்துகளாகச் சுருங்கியிருப்பதற்கான விடை இன்றைய கடலின் வெப்பத்திலோ உப்பிலோ கிடைப்பதாக இல்லை. பவளங்களின் புவிப்பரவலைப் பற்றி எழுதுவோர் பலர் வெப்பநிலைக் கோடு ஒன்றை வரைந்து காட்டியதும் விளக்கம் முடிந்துவிட்டதாகக் கருதுவதுண்டு. பவளம் எங்கே வாழ முடியாது என்பதை அந்தக் கோடு ஓரளவு சொல்லுமே தவிர, வாழக்கூடிய இடத்தில் எத்தனை இனங்கள் இருக்கும் என்பதை அது சொல்லாது. முதல் கேள்விக்கு இன்றைய கடலைப் பார்த்து விடை காணலாம். இரண்டாவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பவளம் என்பது ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவான, குழியுடலி வகையைச் சேர்ந்த விலங்கு. பாலிப் எனப்படும் அதன் தனியுடல் பெரும்பாலான இனங்களில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறு குழாய். மேற்புறம் வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகமாக்கித் தன் அடியில் ஒரு கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் பாலிப் அமர்ந்திருக்கிறது. கிண்ணத்தின் உட்புறத்தில் ஆரக்கால்களைப் போல் நிற்கும் மெல்லிய தகடுகளின் எண்ணிக்கை, உயரம், விளிம்பின் பல்வரிசை ஆகியவற்றை உருப்பெருக்கியில் பார்த்தே இருநூறு ஆண்டுகளாக இனங்கள் பிரிக்கப்பட்டு வந்தன. பாலிப்புகள் பிளந்து பெருகி, ஒட்டியபடியே வளர்ந்து, ஒரு காலனியாகின்றன; காலனிகள் மடிந்த எலும்புக்கூட்டின் மேல் புதிய காலனிகள் வளர, பல்லாயிரம் ஆண்டுகளில் அது பாறையாகிறது.

இவ்வாறு கல்லெலும்பு கட்டும் பவளங்கள் உலகில் 1,500 இனங்களுக்கு மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றில் ஏறத்தாழ பாதி இனங்களின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஓரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் சர்க்கரையின் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன, அந்த ஆற்றலைக் கொண்டே பவளம் சுண்ணாம்பை வேகமாகப் படிய வைக்கிறது. வெப்பமண்டலப் பாறைகளைக் கட்டுபவை இந்தப் பாசியுள்ள இனங்களே. பாசியில்லாத மறுபாதி வெளிச்சத்தை நம்பியிராததால் இருண்ட, குளிர்ந்த ஆழங்களிலும் வாழ்கிறது. நார்வே கரைக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் அத்தகைய இனம் ஒன்று பெரிய திட்டுகளையே எழுப்பியிருக்கிறது. மாலையில் கோக்கும் செம்பவளம் இவ்விரண்டிலும் சேராது. அது மத்தியதரைக் கடலின் நிழற்பாங்கான குகைகளிலும் பாறைச் சரிவுகளிலும் வளரும் வேறொரு வரிசையைச் சேர்ந்த உயிரி. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளின் பட்டியலில் எரித்ரேயக் கடல் செலவு என்னும் பண்டைய கிரேக்க நூல் அதனைக் குறித்திருப்பதற்குக் காரணம், அது சேரர் கடலில் விளையாததே. இக்கட்டுரை பேசும் இனங்கள் பாசியை உள்ளே வைத்துப் பாறை கட்டுபவை மட்டுமே.

சார்லஸ் டார்வின் 1842-இல் பவளப்பாறைகளின் அமைப்பையும் பரவலையும் பற்றித் தனி நூலே வெளியிட்டு, உலகப் படத்தில் வட்டத்தீவுகளையும் தடுப்புப்பாறைகளையும் நீல நிறத்திலும் கரையோரப் பாறைகளை அதனின்று பிரித்துச் சிவப்பிலும் தீட்டிக் காட்டினார். ஆனால் அவருடைய அக்கறை பாறையின் வடிவத்திலும், கடலடி அமிழ்வதற்கும் அதற்கும் உள்ள தொடர்பிலுமே இருந்தது. 1838 முதல் 1842 வரை அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பயணத்தில் பசிபிக்கைச் சுற்றிவந்த ஜேம்ஸ் டுவைட் டானா, பாறைகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்று பார்த்தவர். ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தில் கடல்நீரின் வெப்பம் சமமாக உள்ள இடங்களை இணைத்து அவர் கோடுகள் வரைந்தார். நம் அளவையில் சொன்னால் சுமார் 20 டிகிரி செல்சியஸ் கோட்டுக்கு வெளியே பவளப்பாறைகள் இல்லை என்று அவருக்குப் பட்டது. பின்னர் வந்தோர் அதை 18 டிகிரிக்கு இறக்கினர். பாடநூல்களில் இன்றும் நிற்பது அந்த எண்ணே.

அது ஒரு மதிப்பீடே ஒழிய, இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் சாவு என்று பிரிக்கும் வேலியல்ல. பாரசீக வளைகுடாவில் நீர் குளிர்காலத்தில் 12 டிகிரியை நெருங்கியும் கோடையில் 35 டிகிரியைத் தாண்டியும் போக, அங்கும் சில டஜன் இனங்கள் தாக்குப்பிடிக்கின்றன. குளிர்ந்த நீரில் பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. அதன் வளர்ச்சி தளர்ந்து, சுண்ணாம்பு படியும் வேகம் அலையும் துளைக்கும் உயிரிகளும் அதைக் கரைக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. வேகமாக வளரும் பெரும்பாசிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எனவே எல்லைக்கு அருகே பவளங்கள் இருக்கும், பாறை இருக்காது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் பாறைகளின் படத்தையே இனங்களின் படமாக எடுத்துக்கொண்டதால் விளைந்த குழப்பம் கொஞ்சமல்ல.

எல்லைக்கோடு நிலநடுக்கோட்டுக்கு இணையாகவும் ஓடுவதில்லை. வெப்பநீரைத் துருவத்தை நோக்கி எடுத்துச் செல்லும் நீரோட்டம் உள்ள இடத்தில் அது வெளியே பிதுங்குகிறது. வளைகுடா நீரோட்டத்தின் தயவால் பெர்முடா 32 டிகிரி வட அட்சத்தில் பாறை கட்டுகிறது. குரோஷியோ நீரோட்டம் ஜப்பானில் பவளங்களை டோக்கியோவுக்குத் தெற்கேயுள்ள தத்தேயாமா வரை, ஏறத்தாழ 35 டிகிரி வரை கொண்டு சேர்க்கிறது. கண்டங்களின் மேற்குக் கரைகளில் நிலைமை பொதுவாகத் தலைகீழ். பெரு, கலிபோர்னியா, அங்கோலா, மொரித்தானியா கரைகளை ஒட்டிக் குளிர்நீரோட்டங்கள் ஓடுவதோடு, கரையிலிருந்து காற்று மேல்நீரைத் தள்ளிவிட அடியிலிருந்து குளிர்ந்த, ஊட்டம் நிறைந்த நீர் மேலே எழுகிறது. மீனுக்கு அது பொற்காலம், பவளத்துக்கு ஆகாது. நிலநடுக்கோட்டின் மேலேயே அமர்ந்திருந்தும் கலாபகோஸ் தீவுகளில் பவளப்பாறை பேர் சொல்லும்படி வளராததற்கும், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வெப்பமண்டலத்தில் கிடந்தும் கினி வளைகுடாவில் சொற்ப இனங்களே இருப்பதற்கும் இதுவே முதற்காரணம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை இவ்விதிக்கு விலக்கு. அங்கே லீவின் நீரோட்டம் வடக்கிலிருந்து வெப்பநீரைத் தெற்கே இறக்குவதால், 28 டிகிரி தென் அட்சத்துக்கும் அப்பால் உள்ள ஹௌட்மன் அப்ரோலோஸ் தீவுகளில் 184 இனங்கள் பதிவாகி, குளிர்கடலின் கெல்ப் பாசியும் வெப்பக்கடலின் அக்ரோபோரா பவளமும் ஒரே திட்டில் அடுத்தடுத்து வளர்கின்றன.

வெப்பம் போதுமான இடத்திலும் ஆறு குறுக்கே வந்து விழுந்தால் பவளம் நிற்பதில்லை. நன்னீர் உப்பைக் குறைக்கிறது. வண்டல் வெளிச்சத்தை மறைப்பதோடு, பாலிப்பின் மேல் படிந்து மூச்சை அடைக்கிறது. அடித்தளமோ லார்வா பற்றிக்கொள்ளக் கல்லின்றிச் சேறாகிறது. இந்தியாவின் கிழக்குக் கரையைப் பார்த்தாலே இது விளங்கும். காவிரிக்கு வடக்கே கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி, கங்கை, பிரமபுத்திரா என்று அடுத்தடுத்து ஆறுகள் வண்டலைக் கொட்டும் வங்கக் கரையில் பாறை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. தெற்கே, பெரிய ஆறு எதுவும் விழாத, இலங்கையின் மறைவில் கிடக்கும் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை 21 தீவுகளின் வரிசை பவளப்பாறைகளோடு நிற்கிறது. இனங்கள் நூற்றுக்குச் சற்று மேல். காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புலுவினிச்சல்லி, முசல், குருசடை என்று மீனவர் பெயரிட்டழைக்கும் அத்தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டது இதற்கு ஒரு பெருங்காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டும், கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது 2001-இல்தான். கலங்கிய நீரும் வலுத்த ஓதமும் கொண்ட கட்ச் வளைகுடாவில் இனங்கள் ஐம்பதைச் சுற்றியே உள்ளன. கிழக்கே தனித்து நிற்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளிலோ அவை 400-ஐ ஒட்டி வருகின்றன. ஒரே நாட்டின் கடலுக்குள் எட்டு மடங்கு வேறுபாடு. இதில் வண்டலுக்கும் ஓதத்துக்கும் பங்குண்டு என்றாலும், அந்தமான் முன்னிற்பதற்கு அதன் கிழக்கே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கிழக்கே இருப்பது பவள முக்கோணம். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியாவின் சபா, கிழக்குத் திமோர், பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் ஆகியவற்றை உள்ளடக்கிய இப்பரப்பில் பாறை கட்டும் பவளங்களில் 600 இனங்கள், அதாவது உலகிலுள்ளவற்றில் முக்கால் பங்கு, வாழ்கின்றன. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் வெல்ஸ் 1954-இலேயே பவளப் பேரினங்களின் எண்ணிக்கையை, நிலப்படத்தில் மலையுயரத்தைக் காட்டுவது போன்ற சமக்கோடுகளாக வரைந்தபோது, இந்த இடமே உச்சியாகத் தெரிந்தது. 2000-இல் உலகப் பவளங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்ட ஆஸ்திரேலியர் சார்லி வெரான், பேரினங்களை விட்டு ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பரவற்படம் வரைந்தார். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் கிடைத்ததே இன்று நாம் அறிந்த முக்கோணம்.

உச்சியிலிருந்து எந்தத் திசையில் இறங்கினாலும் எண்ணிக்கை குறைகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில் 400 இனங்களுக்கு மேல். தெற்கே உலகின் கடைசிப் பவளப்பாறை என்று சொல்லத்தக்க லார்டு ஹாவ் தீவில் எண்பதைச் சுற்றி. ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் 350க்கு மேல். தத்தேயாமாவில் இரண்டு டஜன். பசிபிக்கின் நடுவே ஹவாயில் ஐம்பது, அறுபது. அங்கே உலகின் மிகப்பெரிய பவளப் பேரினமான அக்ரோபோராவைக் காண்பதே அரிது. மேற்கே செல்லும்போது மட்டும் இறக்கம் சீராக இல்லை: இந்தியப் பெருங்கடலின் நடுவில் தாழ்ந்து, வட மொசாம்பிக்குக்கும் மடகாஸ்கருக்கும் இடையே சிறிய இரண்டாவது உச்சி ஒன்று எழுகிறது. இறக்கத்தின் தன்மையையும் கவனிக்க வேண்டும். ஏழ்மையான இடங்களில் வாழும் இனங்கள் பெரும்பாலும் அந்த இடங்களுக்கே உரியவையல்ல; செழிப்பான இடத்தின் பட்டியலிலிருந்து பல பெயர்களை அடித்துவிட்டால் மிஞ்சுவதே அவற்றின் பட்டியல். தத்தேயாமாவின் பவளங்கள் ஏறத்தாழ யாவும் ஒகினாவாவில் உள்ளவை. ஹவாயும் செங்கடலும் தமக்கேயுரிய இனங்களைக் கணிசமாகக் கொண்டிருப்பது விதிவிலக்கு. தொலைவும் ஒடுக்கமான வாயிலும் அவற்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துவிட்டன.

அடியில் ஒட்டிக் கிடக்கும் உயிர் கடல் கடந்து பரவுவது லார்வாப் பருவத்தில்தான். பெருந்தடுப்புப் பாறையில் கோடைத் தொடக்கத்தில், முழுநிலாவுக்குப் பின்வரும் சில இரவுகளில், நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சினையை விடுகின்றன. அந்தி சாய்ந்து சில மணி நேரத்தில் ஒவ்வொரு பாலிப்பின் வாயிலும் மிளகை விடச் சிறிய இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று தலைகாட்டுகிறது. முட்டைகளும் விந்தணுக்களும் ஒன்றாய்க் கட்டப்பட்ட பொதி அது. கொழுப்பு மிகுந்ததால் விடுபட்டவுடன் நேராக மேலே மிதந்து, மேற்பரப்பில் பிரிந்து, வேறு காலனியின் பொதிகளோடு கலந்து கருவுறுகிறது. 1980-களின் தொடக்கத்தில் டவுன்ஸ்வில் நகரத்து ஆய்வாளர்கள் மேக்னடிக் தீவருகே இதை நேரில் பார்த்துப் பதிவு செய்யும் வரை, பெரும்பாலான பவளங்கள் லார்வாவை உடலுக்குள்ளேயே வளர்த்து வெளிவிடுபவை என்ற கருத்தே நிலவியது. நான்கைந்து நாள்களில் நீந்தும் லார்வா, தகுந்த கல் கிடைத்தால் இறங்கிவிடும். கிடைக்காவிட்டால் வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு போகும். போசிலோபோரா டாமிகார்னிஸ் என்னும் இனத்தின் லார்வா, தாயிடமிருந்தே பாசியைப் பெற்றுக்கொண்டு பிறப்பதால், நூறு நாள்கள் வரையும் உயிர் தாங்கிப் பின் இறங்கவல்லது. பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதியில்லை. அவை புறப்பட்ட பாறைக்கு அருகிலேயே இறங்குகின்றன அல்லது அழிகின்றன.

ஆகவே இடைவெளியின் அகலம் கூடக் கூடக் கடந்து வருவோர் குறைகின்றனர். இதன் உச்சக்கட்டம் பசிபிக்கின் கிழக்குப் பாதி. லைன் தீவுகளுக்கு அப்பால் அமெரிக்கக் கரை வரை ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்குக் கிளிப்பர்டன் என்ற ஒற்றை வட்டத்தீவைத் தவிர லார்வா தங்கிச் செல்ல இடமில்லை. அக்கரையில் பனாமா, கொலம்பியா, மெக்சிகோ கடல்களில் உள்ள பவளங்கள் சொற்பம்; இருப்பவை மேற்கிலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த இனங்களின் வழித்தோன்றல்கள். போரைட்டஸ் லோபாட்டா என்னும் குண்டுப்பவளத்தின் மரபணுக்களை இரு புறத்திலும் ஒப்பிட்டபோது, கிளிப்பர்டன் நடுப்பசிபிக்கோடு உறவு காட்ட, அமெரிக்கக் கரைக் காலனிகள் தனித்து நின்றன. கடப்பது நடந்திருக்கிறது, ஆனால் அடிக்கடி நடப்பதில்லை. 1982-83-இன் எல்நினோ வெப்பத்தில் கலாபகோஸ் பவளங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் மாண்டபின், பல பத்தாண்டுகளாகியும் அவை பழைய நிலைக்கு மீளவில்லை என்பது இத்தகைய தனிமையின் விலை.

முக்கோணம் இவ்வளவு செழித்ததற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று கூட்டமாகப் பிரிகின்றன. இனங்கள் அங்கே தோன்றி வெளியே பரவின என்பது ஒன்று. வெளியே தனித்தனித் தீவுகளில் தோன்றியவை நீரோட்டத்தில் வந்து அங்கே சேர்ந்தன என்பது மற்றொன்று. இந்தியப் பெருங்கடலின் தொகுதியும் பசிபிக்கின் தொகுதியும் அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன என்பது மூன்றாவது. அறைக்குள் ஆள் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்கள் அங்கேயே பிறந்தவர்களா, வந்தவர்களா என்று வாதிடுவதைப் போல இந்த விவாதம் அரை நூற்றாண்டாக நடக்கிறது. வெவ்வேறு இனத்துக்கு வெவ்வேறு விடை பொருந்தும் என்பதால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடுவதில் பொருளில்லை. வெரான் கேள்வியையே மாற்றினார்: நீரோட்டங்கள் காலந்தோறும் திசை மாறுவதால், ஓர் இனத்தின் கூட்டங்கள் பிரிந்து வேறுபட்டு, பின்னர் மீண்டும் கலந்து, கலப்பினங்களை உண்டாக்கி, மறுபடி பிரிகின்றன; எனவே பவளங்களின் வம்சம் கிளைத்துக்கொண்டே போகும் மரமல்ல, பிரிந்தும் சேர்ந்தும் போகும் வலை. கரீபியனில் மான்கொம்புப் பவளம் எனப்படும் அக்ரோபோரா செர்விகார்னிஸும் கடமான்கொம்பு போல் அகன்ற கிளை விடும் அக்ரோபோரா பல்மாட்டாவும் கூடிப் பிறப்பிக்கும் மூன்றாவது வடிவம் நெடுங்காலம் தனி இனமாகவே எண்ணப்பட்டது. அது பெரும்பாலும் முதல் தலைமுறைக் கலப்பு என்று மரபணு ஆய்வு 2002-இல் காட்டியது.

எங்கே தோன்றின என்பதை விட, எங்கே அழியாமல் தப்பின என்பதே கூடுதலாக விளக்குகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்து, சுமாத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஆசியாவோடு ஒட்டிய தரையாயின. பெருந்தடுப்புப் பாறை நின்ற திட்டு வறண்ட மேடாயிற்று. இன்று நாம் காணும் பாறைகளின் மேற்பகுதி பத்தாயிரம் ஆண்டுகளுக்குட்பட்டதே. ஆனால் இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றிச் செங்குத்தாக இறங்கும் சரிவுகள் பல இருந்தமையால், நீர் இறங்க இறங்கப் பவளங்களும் கீழே இறங்கி இடம் பிடிக்க முடிந்தது. கடலும் அங்கே அதிகம் குளிரவில்லை. புகலிடம் நிறைய இருந்த இடத்தில் இனங்கள் மிஞ்சின.

இன்னும் பின்னே சென்றால் முக்கோணமே அங்கே இல்லை. சுமார் 4.9 கோடி ஆண்டு முதல் 3.4 கோடி ஆண்டு வரை முற்பட்ட இயோசீன் காலப் படிவுகளில், தென் இங்கிலாந்திலும் வட பிரான்சிலும் அக்ரோபோராவின் எச்சங்கள் பல்வேறு வடிவங்களில் கிடைத்துள்ளன. இன்று நூற்றுக்கு மேற்பட்ட இனங்களோடு இந்தோ-பசிபிக்கின் அடையாளமாக நிற்கும் பேரினம், அதன் முக்கியக் குழுக்கள் பலவற்றைத் தென் இங்கிலாந்தை மூடியிருந்த கடலில் ஏற்கெனவே கொண்டிருந்தது. அப்போது ஐரோப்பாவின் தெற்கே டெதிஸ் என்னும் வெப்பக்கடல் இந்தியப் பெருங்கடலையும் அட்லாண்டிக்கையும் இணைத்துக் கிடந்தது. பல்வேறு உயிரினங்களின் புதைபடிவங்களைத் தொகுத்து 2008-இல் ரெனெமா என்னும் டச்சு ஆய்வாளரும் குழுவினரும் காட்டியபடி, கடல்வாழ் இனங்களின் செழிப்புமையம் அந்நாளில் தென்மேற்கு ஐரோப்பாவிலும் வடமேற்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தது. பின்னர் அரேபியப் பக்கம் பெயர்ந்தது. ஆஸ்திரேலியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவின் தென்கிழக்கில் மோதி, ஆழமற்ற கடல்களையும் தீவுகளையும் எழுப்பியபின், அங்கே குடியேறியது. அரேபியா ஆசியாவோடு இடித்து டெதிஸ் அடைபட்டதும் மேற்கே எஞ்சிய மத்தியதரைக் கடல் தனித்துக் குளிர்ந்தது, ஒரு காலத்தில் பெரும்பகுதி வற்றியும் போனது. ஒரு காலத்து மையத்தின் வாரிசாக இன்று அங்கே காலனி கட்டி நிற்கும் பாசியுள்ள கல்பவளம் பெரும்பாலும் கிளாடோகோரா என்ற ஒன்றே.

கரீபியனின் வறுமை இந்த வரலாற்றின் மறுபக்கம். டெதிஸ் மூடியதும் கிழக்கிலிருந்து வரும் வழி அற்றது; சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலச்சந்தி எழுந்ததும் மேற்கு வழியும் அடைபட்டது. நீரோட்டம் மாறியது, வடகோளத்தில் பனியுகம் தொடங்கியது, அடுத்த பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகளில் கரீபியன் பவளங்களில் பெரும்பகுதி அழிந்து வேறு இனங்கள் தலையெடுத்தன. இந்தோ-பசிபிக்கில் எங்கும் மலிந்த போசிலோபோரா கரீபியனிலும் இருந்தது. சில பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்தான் அது அங்கே மறைந்தது. ஸ்டைலோபோராவும் அப்படியே போயிற்று. பசிபிக்கில் ஒரு தீவில் அழிந்த இனம் அடுத்த தீவிலிருந்து திரும்பி வரும். கரீபியனில் அழிந்தால் அழிந்ததே, ஏனெனில் வந்து நிரப்ப அக்கம்பக்கம் இல்லை. ஒரே நிலச்சந்தி இரு கடலிலும் எதிரெதிராக வேலை செய்தது என்பது வியப்பு: மேற்குப் புறத்தில் கரீபியனோடு உறவுகொண்டிருந்த பழைய பவளங்கள் மறைந்து, அவற்றின் இடத்தில் கடல் கடந்த இந்தோ-பசிபிக் வகைகளே இன்று நிற்கின்றன. பிரேசில் இன்னும் ஒதுங்கியது. அமேசான் கொட்டும் நன்னீர்ப் படலம் கரீபியனிடமிருந்து அதைப் பிரித்ததால், இருபதுக்கும் குறைந்த இனங்களே உள்ள அக்கரையில் முசிஸ்மிலியா என்னும் பேரினம் வேறெங்கும் இல்லாதபடி, பிரேசிலின் அப்ரோலோஸ் திட்டுகளைக் கட்டுகிறது.

எலும்பின் உருவத்தை வைத்து அட்லாண்டிக் பவளங்களையும் பசிபிக் பவளங்களையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்த பழைய வகைப்பாட்டை, 2004-இல் ஹிரொனோபு ஃபுகாமியும் பிறரும் மரபணுவைக் கொண்டு உடைத்தனர். ஒரே பேரினமாகக் கருதப்பட்டவற்றில் அட்லாண்டிக் இனங்கள், பசிபிக்கிலுள்ள பெயருறவினரை விட, அட்லாண்டிக்கிலேயே வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டவற்றுக்கே நெருக்கமானவை என்று தெரிந்தது. இரு கடல்களின் பிரிவு எண்ணியதை விட ஆழமானது. இதன் எதிர்விளைவும் உண்டு. செங்கடல் முதல் பசிபிக் வரை ஒரே இனமாக எழுதப்பட்டிருந்த ஸ்டைலோபோரா பிஸ்டில்லாட்டாவுக்குள் நான்கு தனி வழிகள் மறைந்திருப்பதாகத் தெரிகிறது. மேசை போல் விரியும் அக்ரோபோரா ஹயசிந்தஸும் ஒன்றல்ல, பல. அதனால் இக்கட்டுரையில் வந்த இன எண்ணிக்கைகள் கூடவும் குறையவும் வாய்ப்புண்டு. பரந்த பரவல் என்று படத்தில் தெரிவது பல ஒடுங்கிய பரவல்களின் தொகுப்பாகவும் இருக்கலாம். ஆனால் உச்சியும் இறக்கமும் உள்ள அந்த ஒட்டுமொத்த வடிவம் இவற்றால் கலைவதாகத் தெரியவில்லை.

கலைவதற்கான காரணம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கடல் வெப்பமடைவதால் எல்லைக்கோடு துருவத்தை நோக்கி நகர்கிறது. எண்பது ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே சில இனங்கள் ஆண்டுக்கு 14 கிலோமீட்டர் வரை வேகத்தில் வடக்கே ஏறியிருக்கின்றன. அதே வெப்பம் எல்லைக்குள் இருக்கும் பவளங்களை வெளுக்கச் செய்கிறது: பாசி வெளியேறி, வெள்ளெலும்பு தெரிய, பல வாரம் நீடித்தால் பட்டினியில் மாள்கின்றன. 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவும் இதைக் கண்டது. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மதிப்பிட்ட 892 வெப்பக்கடல் பவள இனங்களில் 44 விழுக்காடு அழியும் அபாயத்தில் உள்ளன.

நடுவில் இழப்பதை ஓரத்தில் ஈடுகட்டிக்கொள்ளும் என்று சிலர் எதிர்பார்க்கின்றனர். அதற்குத் தடையாக நிற்பது வெப்பமல்ல, வெளிச்சம். உயர் அட்சங்களில் குளிர்காலச் சூரியன் தாழ்ந்து சாய்ந்து எரிவதால் நீருக்குள் இறங்கும் ஒளி குறைகிறது. அதைக் கடலின் வெப்பம் மாற்றாது. மான்கொம்புக் குழுவைச் சேர்ந்த 104 பவள இனங்களின் ஆழப் பதிவுகளை ஆராய்ந்து பால் மூயரும் கார்டன் வாலேசும் 2015-இல் காட்டியது இது: நிலநடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு டிகிரி விலகும்போதும் அவை இறங்கி வாழக்கூடிய ஆழம் 60 சென்டிமீட்டர் வரை குறைகிறது. முப்பது டிகிரி போனால் பதினெட்டு மீட்டர் வரை கைவிட்டுப் போகும். மிஞ்சுவது அலை அடிக்கும், குளிர்காற்று படும், புயல் புரட்டும் மேல்நீர். இயோசீன் காலத்து இங்கிலாந்தின் அக்ரோபோராக்கள் ஐம்பது டிகிரியையொட்டி வாழ்ந்தன என்பது உண்மையே. ஆனால் அவை விட்டுச் சென்றவை சேறும் மணலும் கலந்த படிவுகளில் சிதறிய துண்டுகள், பாறையல்ல.